தோட்டத்து நாய்க்குச் சோற்று ரொட்டி

தோட்டத்தில் கறவை மாட்டுக்குத் தீவனக் கணக்கு உண்டு. கோழிக்கும்கூட உண்டு. ஆட்டுப்பட்டியைக் காக்கும் நாய்க்கு மட்டும் கணக்கே கிடையாது. வீட்டில் மிஞ்சியது எதுவோ அதுவே அதன் உணவு. மிச்சத்தைப் போடுவது தவறன்று; சிறு விவசாயி வேறென்ன செய்ய முடியும்? எல்லா மிச்சத்தையும் ஒரே சட்டியில் கலந்து ஊற்றுவதுதான் தவறு.

நாய் மாமிசம் தின்னும் பிராணிதான். ஆனால் மனிதனை அண்டி வாழ்ந்ததால், மாவுப்பொருளைச் செரிக்கும் திறனை ஓநாயைவிட அதிகமாகப் பெற்றிருக்கிறது. 2013-ல் வெளியான மரபணு ஆராய்ச்சி இதைத் தெளிவாக்கிற்று. ஆகவே சோறும் கேழ்வரகும் அதற்கு ஒத்துக்கொள்ளும். 1860-களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்பவர் மாவு, காய்கறி, மாமிசம் சேர்த்துச் சுட்டு விற்றதிலிருந்துதான் நாய் பிஸ்கட் வியாபாரம் வளர்ந்தது. இன்று டவுன் கடைகளில் பாக்கெட்டில் தொங்கும் அந்தச் சரக்கை வீட்டு அடுப்பிலேயே செய்துவிடலாம்.

குழம்பு ஊற்றுவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்த சோற்றை நன்றாகப் பிசைந்து, அதே அளவு கேழ்வரகு மாவு சேர்க்க வேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து சுமார் 340 மில்லிகிராம் இருக்கிறது. அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். இத்துடன் ஒரு முட்டை, வெந்த பூசணித் துண்டு அல்லது சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேரலாம். உப்பும் சர்க்கரையும் வேண்டியதில்லை. வடைபோல் மெல்லியதாகத் தட்டி, தோசைக்கல்லில் மூடி போட்டு, இளந்தீயில் இருபுறமும் சுடவேண்டும். பிறகு துண்டுகளாக்கி, தணிந்த அடுப்பின் மேல் கல்லிலேயே விட்டு வைத்து, மறுநாள் வெயிலில் காயவைக்க வேண்டும். ஒடித்தால் முறிய வேண்டும்; வளைந்தால் ஈரம் போகவில்லை என்று பொருள். ஈரமான ரொட்டியை அன்றே போட்டுவிடுவது நல்லது. காய்ந்ததை டின்னில் நான்கைந்து நாள் வைக்கலாம். மழைக்காலத்தில் அதுவும் வேண்டாம்.

சுட்டுவிட்டால் எந்தக் கேடும் போய்விடும் என்று நினைப்பவர் பலர். அது சரியன்று. பூசணம் பிடித்த நிலக்கடலை, மக்காச்சோளம் இவற்றில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு இருக்கக்கூடும். அது கல்லீரலைக் கெடுக்கும்; வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுவதும் அழியாது. விலைக்குப் போகாத கறுத்த கடலையை, ‘வீணாக்குவானேன்’ என்று நாய்க்குப் போடுவது சிக்கனமாகாது.

வெங்காயமும் பூண்டும் அப்படியே. வெந்திருந்தாலும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அவை சிதைக்கும். திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் கொடியடியில் உதிரும் பழமானாலும், பாயசத்தில் மிதக்கும் உலர்ந்த திராட்சையானாலும் ஒன்றுதான். அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று இப்போது கருதப்படுகிறது. புளியிலும் அதே அமிலம்தான் மிகுதி. இப்போது நம் வீட்டுக் குழம்பை நினைத்துப் பார்க்க வேண்டும்: சின்ன வெங்காயம், பூண்டு, புளி, உப்பு!

‘தலைமுறை தலைமுறையாகக் குழம்புச் சோறுதானே போடுகிறோம், எந்த நாய் செத்தது?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு பிடி குழம்புச் சோற்றில் நாய் சாகாதுதான். ஆனால் நாள்தோறும் சிறுகச் சிறுக இரத்தம் குறைந்து சோர்ந்த நாயை யாரும் டாக்டரிடம் காட்டுவதில்லை. ‘கிழடாகிவிட்டது’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, ஆடு அறுக்கும்போது பச்சையாக வீசும் ஈரலும் நுரையீரலும். அவற்றில் சில சமயம் நீர்க்கட்டிகள் தென்படும். அறுப்பவருக்கு இது நன்றாகத் தெரியும். மனிதர் தின்ன ஆகாது என்று நாய்ப்பக்கம் எறிந்துவிடுவார். அந்தக் கட்டிக்குள் இருப்பது ஒருவகை நாடாப்புழுவின் இளம்பருவம். நாயின் குடலில் அது புழுவாகி, முட்டைகள் சாணத்தோடு வெளியேறி, மயிரிலும் மண்ணிலும் ஒட்டும். நாயைத் தடவிவிட்டுக் கைகழுவாமல் தின்னும் குழந்தைக்கு அதே நீர்க்கட்டி ஈரலிலோ நுரையீரலிலோ உண்டாகலாம். பல ஆண்டு வெளியே தெரியாமல் வளர்ந்து, கடைசியில் அறுவைச் சிகிச்சை வரை போவதும் உண்டு. கட்டியுள்ள உறுப்பை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும், அல்லது எரிக்க வேண்டும். நல்ல ஈரலானால் சிறு துண்டுகளாக்கி அரைமணி நேரம் கொதிக்கவைத்து, மேற்சொன்ன மாவில் பிசைந்து சுடலாம். நாய் அதன் வாசனைக்கே ஓடிவரும். வெந்த எலும்பைச் சேர்க்கக்கூடாது; அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

இந்த ரொட்டி முழு உணவாகாது. ஒரு நாள் தீனியில் பத்தில் ஒரு பங்கு போதும். சும்மா போடுவதைவிட, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வந்து நின்றதும் கையால் கொடுப்பது நலம். ராஜபாளையமோ, சிப்பிப்பாறையோ, பெயரில்லாத நாட்டு நாயோ, பட்டியில் வளர்ந்தது எளிதில் கழுத்தில் கயிறு மாட்டவிடாது. அதனாலேயே வெறிநோய்த் தடுப்பூசி தள்ளிப்போகிறது. வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் நாயானாலும் மனிதனானாலும் பிழைப்பது அரிது. ரொட்டிக்குப் பழகிய நாயை ஆண்டுக்கு ஒருமுறை கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிப்போக இரண்டு ஆள் வேண்டியதில்லை; மடியில் நான்கு துண்டு இருந்தால் போதும்.