டிரிப் போனோம்… உம்மாமாரும் வந்தார்களா?



நோன்புப் பெருநாள் முடிந்த கிழமை நாங்கள் ஐந்து குடும்பம் சேர்ந்து மலைநாட்டுக்கு ஒரு டிரிப் போய் வந்தோம். பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ரிசோர்ட். இரண்டு இரவு, மூன்று பகல். படங்களைப் பார்த்திருப்பீர்கள், லைக்கும் போட்டீர்கள். ஜஸாக்கல்லாஹ். அந்தப் படங்களில் இல்லாத ஒரு விடயத்தைத்தான் இன்றைக்கு எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் ஒரு விளையாட்டு வைத்தோம். அந்த இடத்தில் ஆகப் பிடித்தது என்ன என்று ஆளுக்கொன்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் "ஸ்விம்மிங் பூல்!" என்றார்கள். பெரிய பொடியன்மார் மேசைப்பந்து என்றார்கள். நாங்கள் ஆம்பிளைகள் குளிரைச் சொன்னோம், காலையில் தேயிலை மலையில் பனிப்புகார் ஏறி வந்ததைச் சொன்னோம், சுபஹுக்குப் பிறகு போர்த்திக்கொண்டு படுத்த தூக்கத்தைச் சொன்னோம்.

பெண்கள் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு மச்சி சொன்னா: "குசினியில சுடுதண்ணி பைப் இருந்திச்சி. சட்டியில பிடிச்ச எண்ணெய் லேசாக் கழுவுப்பட்டிச்சி."

எல்லாரும் சிரித்தோம். அவவும் சிரித்தா. ஆனால் வெல்லவாய தாண்டி பஸ் இறங்கி ஓடும்போது அந்தச் சொல் எங்களை விடவில்லை. மூன்று நாள், அவ்வளவு பெரிய இடம், எத்தனை வசதி. அதில் அவவுக்குக் கிடைத்தது ஒரு சுடுதண்ணி பைப்.

முதலில் நாங்கள் போன விதத்தைச் சொல்ல வேண்டும். 26 பேர். ஒரு றோசா பஸ். சுபஹு தொழுதவுடன் புறப்பட்டால் அம்பாறை, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, எல்ல என்று போகலாம். பஸ்ஸின் பின் ஆசனங்களில் ஆட்கள் இல்லை. கேஸ் சிலிண்டர், இரட்டை அடுப்பு, பெரிய சட்டி மூன்று, அரிசி, தேங்காய், அரைத்துக் கட்டிய தூள், ஐஸ் பெட்டியில் இறைச்சி, கோழி. இவ்வளவும் முதல் நாள் இரவு ஒரு மணி வரைக்கும் நின்று கட்டியது பெண்கள். ராவணா எல்ல நீர்வீழ்ச்சியில் நாங்கள் பிள்ளைகளோடு இறங்கிப் படம் எடுக்கும்போது, பஸ்ஸுக்குப் பக்கத்தில் பாய் விரித்து புட்டும் கறியும் பகிர்ந்தவர்களும் அவர்கள்தான்.

வெளிநாட்டில் வண்டியையே வீடாக்கிப் பயணம் போவார்கள், யூடியூப்பில் பார்த்திருப்பீர்கள். அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கட்டில், கழிப்பறை எல்லாம் ஒரு வண்டிக்குள். அமெரிக்காவில் அதற்கு ஆர்.வி. என்று பெயர். அந்த வண்டிகளை நிறுத்தித் தங்குவதற்கென்றே பெரிய ரிசோர்ட்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்க் குழாய் இணைப்பு இருக்கும். அதோடு நீச்சல் தடாகம், உடுப்புத் துவைக்கும் இடம், கூடிக் கதைக்க மண்டபம். வேலையால் ஓய்வு பெற்றவர்கள் கடும் குளிர்காலத்தில் வடக்கிலிருந்தும் கனடாவிலிருந்தும் புளோரிடா, அரிசோனா பக்கம் இறங்கி மாதக் கணக்கில் அப்படித் தங்குகிறார்கள்.

எங்கள் றோசா பஸ்ஸும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். வீட்டைத் தூக்கிக்கொண்டு போனால் வீட்டு வேலையும் கூடவே வரும். அதைச் செய்வது யார் என்று புறப்படும் முன்பு நாங்கள் ஒருவரும் கதைக்கவில்லை. கதைக்கத் தேவையில்லை என்று நினைத்துவிட்டோம்.

இனி அந்த இடம். குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல இடம். மலைச்சரிவில் தனித்தனி வீடுகள், வீட்டுக்கு வீடு குசினி. பெரிய ஆட்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு நீச்சல் தடாகம், ஒரு பக்கம் ஆழம் குறைவு. ஊஞ்சல், சறுக்கி, சைக்கிள், மேசைப்பந்து, இறைச்சி சுட ஓர் இடம், தேயிலைத் தோட்டத்துக்குள் நடக்க ஒரு பாதை. கேட்டவுடன் தொழுவதற்கு ஓர் அறையும் துப்புரவாக்கித் தந்தார்கள்.

அங்கே பெண்களின் ஒரு நாள் எப்படிப் போனது என்று ஊருக்கு வந்த பிறகு கேட்டோம். காலையில் 26 பேருக்குத் தேத்தண்ணி, ரொட்டி, சம்பல். கழுவி முடிக்கப் பத்து மணி. பதினொரு மணிக்குப் பகல் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்கள். சாப்பிட்டுக் கழுவி லுஹர் தொழும்போது இரண்டரை. பின்னேரம் பிள்ளைகள் நனைந்து வருவார்கள், தலை துவட்டி உடுப்பு மாற்ற வேண்டும், பிறகு பின்னேரத் தேத்தண்ணி. இரவைக்குப் புரியாணி. தேயிலைத் தோட்டப் பாதையில் கால் வைக்காமல் வந்தவர்கள் அதில் மூன்று பேர்.

இந்த டிரிப் எந்தக் கிழமை என்பதையும் பாருங்கள். முப்பது நாள் ஸஹருக்கு எல்லாருக்கும் முன்னம் எழும்பியவர்கள். அஸர் தொடக்கம் இப்தாருக்கு அடுப்படியில் நின்றவர்கள். பெருநாளைக்கு வட்டிலப்பமும் இறைச்சிக் கறியும் ஆக்கி, வந்த ஆட்களுக்கெல்லாம் போட்டவர்கள். "பாவம், களைச்சிப் போயிருப்பாங்க, ஒரு டிரிப் கூட்டிப் போவம்" என்றுதான் நாங்கள் இதைத் தொடங்கினோம். கூட்டிப் போய், வீட்டு அடுப்பிலிருந்து இன்னொரு அடுப்புக்கு மாற்றிவிட்டோம்.

இரண்டாம் நாள் நடந்ததை எழுதத்தான் கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை.

அஸருக்குப் பிறகு பிள்ளைகள் தடாகத்தில் இருந்தார்கள். நாங்கள் ஆறு ஆம்பிளைகள் கரையில் கதிரை போட்டு இருந்தோம். ஆறு பேர் கையிலும் போன். ஒருவர் பார்க்கிறார் என்று மற்றவர் நினைத்தோம். அந்த நேரம் தேத்தண்ணித் தட்டோடு ஒரு உம்மா வந்தா. வந்த கையோடு தட்டைப் போட்டுவிட்டுக் கத்தினா. ஆறு வயதுப் பிள்ளை, ஆழமில்லாத பக்கத்திலிருந்து வழுக்கி ஆழமான பக்கம் போய்விட்டது. தலை தண்ணீருக்குக் கீழே. சத்தமில்லை, கையடிப்பில்லை. மூழ்குகிற பிள்ளை அநேகமாகக் கத்தாது, மூச்செடுக்கவே முடியாத பிள்ளை எப்படிக் கத்தும்? அங்கே வேலை செய்யும் சிங்களத் தம்பி ஒருவர் உடுத்த உடுப்போடு குதித்துத் தூக்கினார். பிள்ளை இருமி, சத்தியெடுத்து, அழுதது. அல்ஹம்துலில்லாஹ். டாக்டரிடம் காட்டினோம், ஒன்றுமில்லை என்றார்.

அதுக்குப் பிறகு எங்களில் ஒருவருக்கு வாயில் வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? அந்த உம்மாவைப் பார்த்து, "புள்ளய உட்டுட்டு எங்க போன நீங்க?"

அவ ஒன்றும் சொல்லவில்லை. கீழே கிடந்த கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினா, பிள்ளைகளுக்குக் கால் வெட்டும் என்று. ஆறு பேருக்குத் தேத்தண்ணி ஊற்றத்தான் அவ போயிருந்தா. அந்த ஆறு பேர் நாங்கள்தான்.

ஆசிரியர்களாகிய நாங்கள் வகுப்பில் குழுச் செயற்பாடு கொடுத்தால், ஒரு பிள்ளை மட்டும் எல்லா வேலையும் செய்து மற்ற நான்கு பேரும் பார்த்துக்கொண்டு நின்றால் புள்ளியைக் குறைக்கிறோம். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குப் படிப்பித்ததும் அதுதான், வேலை பங்கிடப்படாவிட்டால் அது குழு இல்லை. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடத்தில் நாங்கள் எத்தனை புள்ளி எடுப்போம்?

இனி நாங்கள் வழமையாகச் சொல்கிற காரணங்களைப் பார்ப்போம். அவற்றில் நியாயமும் இருக்கிறது.

முதலாவது ஹலால். தெரியாத இடத்தில் சாப்பிட எங்களுக்கு மனம் வராது. சரிதான். ஆனால் பண்டாரவளை டவுனில் முஸ்லிம் கடைகள் இருக்கின்றன. வெலிமடைப் பக்கம் குருத்தலாவையில் எங்கள் ஆட்கள் ஊராகவே வாழ்கிறார்கள். ஒரு நேரச் சாப்பாட்டுக்கு முன்னமே சொல்லி வைக்க ஒரு போன் போதும். அந்தப் போனை நாங்கள் எடுக்கவில்லை.

இரண்டாவது காசு. அதுவும் உண்மைதான். விலைவாசி ஏறியிருக்கும் இந்தக் காலத்தில் ஆசிரியச் சம்பளத்தில் 26 பேருக்கு மூன்று நேரமும் கடையில் வாங்க ஏலாது. அப்படியென்றால் இரண்டு இரவை ஓர் இரவாக்குவோம். ஒரு நேரம் பாணும் வாழைப்பழமும் முட்டையும் என்று முடிப்போம். டிரிப்பில் புரியாணி கட்டாயம் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மூன்றாவது, "அவங்க சமைச்சாத்தான் ருசி, ஆம்பிளைகளுக்கு என்ன தெரியும்?" இது பொய். நோன்பு முப்பது நாளும் எங்கள் பள்ளிவாசல்களில் ஊருக்கே கஞ்சி காய்ச்சுவது யார்? கந்தூரிச் சோறு ஆக்குவது யார்? கல்யாண வீட்டில் பெரிய சட்டிக்கு முன்னால் அகப்பையோடு நிற்பது யார்? எல்லாம் ஆம்பிளைகள். ஊருக்குக் கஞ்சி காய்ச்சத் தெரிந்த கைக்கு 26 பேருக்குத் தேத்தண்ணி ஊற்றத் தெரியாமல் போவது எப்படி?

எங்கள் மார்க்கம் பயணிக்குச் சலுகை தந்த மார்க்கம். நான்கு றக்அத் தொழுகையைப் பயணத்தில் இரண்டாகச் சுருக்கச் சொன்னது. நோன்பைக்கூடப் பிறகு பிடிக்கலாம் என்றது. நாங்களும் அந்தப் பயணத்தில் கஸ்ர் செய்து தொழுதோம். அல்லாஹ் தன் கடமையிலேயே பயணிக்குக் குறைத்துத் தந்திருக்கும்போது, நாங்கள் பெண்களின் அடுப்படியில் ஒன்றையும் குறைக்கவில்லை. வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள் என்றுதான் ஆயிஷா நாயகி சொன்னார்கள். பயணம் ஒன்றில் மற்ற ஆட்களை முன்னுக்குப் போகச் சொல்லிவிட்டு அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்ததும் நபியவர்கள்தான். ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். மலைநாட்டுக்குப் போய் மனைவியோடு பத்து நிமிடம் நடந்தோமா?

நீச்சல் தடாகத்தைப் பற்றியும் ஒன்று. ஆம்பிளைகள் குளிக்கும் இடத்தில் எங்கள் பெண்கள் இறங்க மாட்டார்கள். அதனால் அது அவர்களுக்கு இல்லை என்று முடிவெடுத்து விட்டோம். கடைசி நாள் எங்களில் ஒருவர் முகாமையாளரிடம் சும்மா கேட்டுப் பார்த்தார். அவர் சொன்னது: "முன்னமே சொல்லியிருந்தால் காலையில் ஒரு மணித்தியாலம் உங்கள் பெண்களுக்கு மட்டும் ஒதுக்கித் தந்திருப்போமே." அறை, கட்டணம், பஸ் நிறுத்த இடம், பார்பிகியூ அடுப்பு எல்லாம் கேட்டு முற்பதிவு செய்தவர்கள் நாங்கள். இதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த தடவைக்கு எங்கள் குடும்பங்களுக்குள் சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். உங்களுக்கும் உதவலாம்.

ஒன்று, புறப்படும் முன்பே வேலைப் பட்டியல். காலைத் தேத்தண்ணியும் கழுவுவதும் ஆம்பிளைகள். பெரிய பொடியன்மார் கட்டாயம் அதில் சேர வேண்டும், பார்த்துத்தான் பழகுவார்கள்.

இரண்டு, ஒரு நாளைக்கு ஒரு நேரம்தான் சமையல். மற்ற நேரங்கள் கடை, அல்லது அடுப்பில்லாத சாப்பாடு.

மூன்று, முற்பதிவு செய்யும்போதே பெண்களுக்குத் தனி நேரம் கேட்பது. இல்லை என்றால் வேறு இடம் பார்ப்பது.

நான்கு, பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும் வரைக்கும் ஒருவர் காவல். பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும், அவர் கையில் போன் இருக்கக் கூடாது. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஆள் மாற வேண்டும். "எல்லாரும் பார்ப்பாங்க" என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். இதை நாங்கள் கண்ணால் கண்டோம்.

ஐந்து, இடத்தைத் தெரிவு செய்யும்போது பெண்களிடம் கேட்பது. இந்தத் தடவை ஆம்பிளைகளின் வட்ஸ்அப் குரூப்பில் வாக்கெடுத்துத்தான் இடத்தை முடிவெடுத்தோம். பெண்களுக்குத் திகதியை மட்டும் அறிவித்தோம்.

இதை வாசித்துவிட்டு, "வீட்டு விசயத்தை முகநூலில் போடுவதா?" என்று சில சகோதரர்கள் கேட்கலாம். ஐந்து குடும்பத்தாரிடமும், முக்கியமாக அந்தப் பிள்ளையின் உம்மாவிடமும் வாப்பாவிடமும் கேட்டுத்தான் போடுகிறோம். "புள்ளய உட்டுட்டு எங்க போன" என்று கேட்டவரும் இதைப் போடச் சொன்னார். அந்த உம்மாவிடம் அவர் ஊருக்கு வந்த அன்றைக்கே மன்னிப்புக் கேட்டுவிட்டார்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு பாசிக்குடாவுக்கு ஒரு நாள் போகலாம் என்று கதை அடிபடுகிறது. போன கிழமை மூத்தம்மாவிடம் கேட்டோம், நீங்களும் வாறீங்களா என்று. அவ கேட்ட முதல் கேள்வி: "எத்தின பேருக்கு அரிசி போடணும்?"

"நீங்க ஒண்டும் போடத் தேவல்ல மூத்தம்மா, நாங்க ஆக்குறம்" என்றோம்.

அவ நம்பவில்லை. நம்பும்படி நாங்கள் இதுவரைக்கும் ஒன்றும் செய்யவில்லையே.

உங்கள் வீட்டிலும் இன்றைக்கு ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்: "போன டிரிப்பில உங்களுக்கு ஆகப் பிடிச்சது என்ன?" வருகிற பதிலைக் கீழே எழுதுங்கள். எழுத வெட்கமாக இருந்தால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த டிரிப்புக்கு உதவும்.

வஸ்ஸலாம்.