கைத்தடிக்குள் ஒளிந்திருந்த வாள்

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம். லண்டனுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. கணவன், மனைவி, எட்டு வயது மகன், கணவனின் தகப்பனார் என்று நான்கு பேர். அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. ஐயாவுக்கு முழங்கால் வருத்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரின் பின்கதவைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்கும் சந்தையில் ஒரு கைத்தடியைக் கண்டு ஆசைப்பட்டு ஐந்து பவுணுக்கு வாங்கிவிட்டார். கறுத்த தடி, வெள்ளிநிறக் குமிழ், குமிழுக்குக் கீழே பித்தளைப் பூண். "ஊரிலை விதானையார் வைச்சிருந்த பொல்லு மாதிரி" என்று பெருமையோடு ஒரு கிழமை கடைக்கும் பூங்காவுக்கும் ஊன்றிக்கொண்டு போய் வந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு பேரன் குமிழைத் திருகியிருக்கிறான். தடி இரண்டாகப் பிரிந்தது. குமிழோடு சேர்ந்து வெளியே வந்தது முக்கால் மீற்றர் நீளமான மெல்லிய வாள்.

அன்று இரவு எமக்குத் தொலைபேசி வந்தது. "அண்ணை, இதை எங்கை கொண்டுபோய்ப் போடுறது? குப்பைக்குள்ளை போடலாமோ? பொலிஸ் கண்டால் எங்கடை கேஸ் என்னாகும்?" மனைவி பின்னால் அழுவது எமக்குக் கேட்டது. ஐயா மட்டும், தான் ஐந்து பவுண் கொடுத்து வாங்கியது தடியைத்தான், வாளை அல்ல என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அவர்களுக்கு நாம் என்ன சொன்னோம் என்பதைப் பிறகு எழுதுகிறோம். ஒரு கிழவர் ஊன்றி நடக்கும் தடிக்குள் வாளைச் செருகும் எண்ணம் யாருக்கு, ஏன் வந்தது என்பதை முதலில் பார்ப்போம். எம்மிடம் இதை வேறு சிலரும் கேட்டார்கள்.

தடிக்குள் பொருளை ஒளிப்பது மிகப் பழைய தந்திரம். உரோமாபுரியின் புரூட்டஸ், மரத்தடி ஒன்றைக் குடைந்து உள்ளே பொற்கோலை வைத்து அப்பலோ தெய்வத்துக்குக் காணிக்கை கொடுத்ததாக லிவி என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். கி.பி. 552 அளவில் சீனத்துப் பட்டுப்புழு முட்டைகளைத் துறவிகள் தடிக்குள் ஒளித்து பைசாந்தியத்துக்குக் கொண்டுவந்த கதையும் உண்டு. எங்கள் பெண்கள் கலியாணத்துக்குக் கட்டும் பட்டின் கதையிலும் ஒரு பொய்த்தடி இருக்கிறது!

ஆனால் வாள்தடி பரவியதற்குக் காரணம் வேறு. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஐரோப்பாவில் கனவான் என்றால் இடுப்பில் வாள் தொங்கவேண்டும். அது சண்டைக்கு மட்டுமல்ல, சாதி காட்டவும்தான். எங்களூரில் தோளில் கிடந்த சால்வையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சூதாட்டமும் குடியும் நடக்கும் இடங்களுக்கு வாளோடு போனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் விருந்து மண்டபங்களை நடத்திய 'போ' நாஷ் என்ற மனிதர், இங்கே வாளோடு வரக்கூடாது என்று கட்டளை போட்டார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வாள் அன்றாட உடையிலிருந்து கழன்றுவிட்டது. அதன் இடத்தைக் கைத்தடி பிடித்தது. இடுப்பில் இருந்த வாளை விட மனமில்லாதவர்கள் அதை மெலிதாக்கித் தடிக்குள் நுழைத்தார்கள்.

பிரான்சில் அரசாங்கம் இதை முன்கூட்டியே கண்டுகொண்டது. 1728இல் பதினைந்தாம் லூயி மன்னனின் பெயரில் வந்த கட்டளை, மறைத்து வைக்கும் ஆயுதங்களைச் செய்வது, விற்பது, வாங்குவது, வைத்துத் திரிவது எல்லாவற்றையும் தடுத்தது. தடிக்குள் வைத்த வாளும் அந்தப் பட்டியலில் இருந்தது. இரும்பு வைத்த தடிகளும் கூடாதென்றது. ஆனால் நுனியில் மட்டும் பூண் போட்ட தடியை விட்டுவிட்டது. ஊன்றி நடக்கிற கிழவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்து எழுதிய சட்டம் என்று எமக்குத் தோன்றுகிறது.

செய்கிற விதத்தைச் சொல்வோம். தண்டுக்குப் பெரும்பாலும் மலாக்காப் பிரம்பு. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் கையில் நாங்கள் கண்ட பிரம்பின் தடித்த, விலைகூடிய ஒன்றுவிட்ட அண்ணன் அது. பாரம் குறைவு, இலேசில் உடையாது. பிரம்பு மூங்கிலைப்போல உள்ளே வெறுமையானதல்ல. அதனால் நடுவைத் துளைத்து உறையாக்குவார்கள். அலகு ஸ்பெயினின் ரொலேடோவிலிருந்தோ ஜேர்மனியின் சோலிங்கனிலிருந்தோ வரும். தண்டின் பருமனுக்குள் அடங்கவேண்டும் என்பதால் அலகு ஒடுங்கியது. பலவற்றுக்கு மூன்று அல்லது நான்கு விளிம்புகள். வெட்ட உதவாது, குத்தத்தான் உதவும். கைப்பிடியைத் திருகித் திறப்பது ஒரு வகை, சிறு பொத்தானை அழுத்துவது இன்னொரு வகை, இறுக்கத்தை மட்டும் நம்பி இழுத்து எடுப்பது மற்றொரு வகை. வாளுக்கு இருக்கும் கைக்காப்பு இதற்குக் கிடையாது, ஏனென்றால் காப்பு வைத்தால் தடி என்று யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே எதிரியின் அடி நேரே விரலில்தான் விழும். ஆயுதமாகப் பார்த்தால் இது அரைகுறை ஆயுதம். தடியாகப் பார்த்தாலும் துளைத்த தடி, பாரம் தாங்க முழுத்தடிக்கு ஈடாகாது. முழங்கால் வருத்தக்காரர் ஊன்றுவதற்கு இதைவிட மோசமான தடி கிடையாது.

பின் ஏன் வாங்கினார்கள்? பயம்தான்.

1862 யூலை மாதத்தில் ஓர் இரவு, நாடாளுமன்றத்திலிருந்து நடந்து போன உறுப்பினர் ஒருவரை லண்டன் பெல் மெல் வீதியில் கழுத்தை நெரித்துக் கொள்ளையடித்தார்கள். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. பின்னாலிருந்து கழுத்தை நெரிக்கும் கள்வர்கள் ஒவ்வொரு சந்தியிலும் நிற்கிறார்கள் என்று நகரம் நடுங்கியது. முள்ளு வைத்த இரும்புக் கழுத்துப்பட்டி விற்பனைக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு நடக்கும் கனவான்களை 'பஞ்ச்' சஞ்சிகை கேலிச்சித்திரமாகப் போட்டது. வாள்தடிக்கும் ஈயக்குண்டு வைத்த குட்டைத்தடிக்கும் நல்ல கிராக்கி. அடுத்த வருடமே, 1863இல், இப்படிக் கொள்ளையடிப்பவர்களுக்குக் கசையடி கொடுக்கச் சட்டம் வந்தது. பின்னாளில் ஏடுகளைப் புரட்டிய வரலாற்றாசிரியர்கள், குற்றம் பெருகியதைவிடப் பத்திரிகைச் சத்தமும் அதனால் பொலிசார் கூடுதலாகப் பிடித்ததுமே பெரிது என்று சொல்கிறார்கள். பிடிபட்டவர்கள் ஏழைகள். தடி வாங்கியவர்கள் பணக்காரர்.

அந்தக் காலத்தின் சாட்சி ஒன்றை லண்டன் வாசகர்கள் காசில்லாமல் பார்க்கலாம். நியூ ஒக்ஸ்போர்ட் வீதியில் 'ஜேம்ஸ் ஸ்மித் அன் சன்ஸ்' என்ற குடைக்கடை இருக்கிறது. 1830இல் தொடங்கி, 1857இலிருந்து அதே இடத்தில் இருக்கிற கடை. வெளியே பழைய எழுத்துப் பலகைகளில் குடை, பிரம்பு, சவுக்கு என்று எழுதியிருக்கும். அவற்றோடு குத்துக்கத்தித் தடி, வாள்தடி என்றும் வெளிப்படையாக எழுதியிருக்கும். ஈயக்குண்டுத் தடிக்கு அங்கே போட்டிருக்கும் பெயர் 'உயிர்காப்பான்'! யாருடைய உயிரை என்று பலகை சொல்லவில்லை. இன்று அவை பலகையில் மட்டும்தான்.

கிழக்கிலும் இதே கதை. 1876இல் ஜப்பான் அரசு சாமுராய் வகுப்பார் வாள் அணிந்து திரிவதைத் தடை செய்தது. அதன்பின் தடிக்குள் புகுந்த வாள்களை அங்கே 'ஷிகோமிசூவே' என்பார்கள். 1962இல் தொடங்கிய 'சாட்டோயிச்சி' திரைப்பட வரிசையில் குருட்டு மருத்துநீவி ஒருவர் இதைத்தான் உருவுவார். வட இந்தியாவில் 'குப்தி' என்று பெயர். மறைத்தல், காத்தல் இரண்டையும் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது. துறவிகள் கையை ஊன்றி அமரும் யோகதண்டத்துக்குள்ளும் கத்தி வைத்த மாதிரிகள் நூதனசாலைகளில் உண்டு. இந்தியாவின் ஆயுதச் சட்ட விதிகளில் வாள் என்று சொல்லும் இடத்தில் வாள்தடியையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

இனி எமது குடும்பத்தின் விடயத்துக்கு வருவோம்.

பிரித்தானியாவில் 1988இல் வந்த சட்டமும் அதன் கீழ் வந்த பட்டியலும் வாள்தடியைப் பெயர் சொல்லித் தடுத்தன. செய்வது, விற்பது, இறக்குமதி செய்வது குற்றம். 2021 யூலை 14 முதல் வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றம். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளுக்கு இதில் விலக்கு உண்டு. ஆனால் தடியின் வயதை ஐந்து பவுண் சந்தையில் யார் கண்டது? நூறு வருடம் ஆனாலும் அதை வீதிக்குக் கொண்டுபோக அந்த விலக்கு உதவாது. பொது இடத்தில் தகுந்த காரணமின்றிக் கூரான அலகு வைத்திருப்பது வேறொரு குற்றம், நான்கு வருடம் வரை சிறை. மூன்று அங்குலத்துக்குக் குறைந்த, மடிக்கும் சட்டைப்பைக் கத்தி மட்டும் அதற்கு விலக்கு. "பாதுகாப்புக்கு வைத்திருந்தேன்" என்பதைத் தகுந்த காரணமாகப் பொதுவாக ஏற்பதில்லை. புதிதாக வாங்கிய திருவலையையோ இறைச்சிக் கத்தியையோ கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோவது வேறு விடயம். பெட்டியிலோ கடதாசியிலோ சுற்றி, பற்றுச்சீட்டையும் வைத்துக்கொண்டால் ஒரு பிரச்சினையும் இல்லை.

ஜேர்மனியில் அன்றாடப் பொருளாக வேடம் போட்ட குத்தாயுதங்கள் எல்லாமே தடை. பிரான்சில் பதினெட்டு வயதானவர் வாங்கலாம், ஆனால் தகுந்த காரணமில்லாமல் வெளியே கொண்டுபோகக் கூடாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஜோர்ஜியா 1837இலேயே வாள்தடி விற்பதைத் தடுத்த மாநிலம். அந்நாட்டு விமான நிலையங்களில் ஊடுகதிரில் அகப்படும் தடிகளின் சொந்தக்காரர்களில் பலர், உள்ளே வாள் இருப்பது தமக்கே தெரியாது என்றுதான் சொல்கிறார்களாம். எங்கள் ஐயாவைப் போல.

பழைய தடி வாங்குபவர்கள் கைப்பிடிக்குக் கீழுள்ள பூணைப் பாருங்கள். அங்கே மயிரிழை போல ஒரு பொருத்து இருக்கிறதா, குலுக்கினால் உள்ளே ஏதும் ஆடுகிறதா, தடியின் பருமனுக்கு மிஞ்சிய பாரமா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் மெல்லத் திருகிப் பாருங்கள். பெட்டிக்குள் வைக்க வசதியாகக் கழற்றிப் பூட்டும் நல்ல தடிகளும் உண்டு, பொருத்தைக் கண்டவுடன் பயப்பட வேண்டாம்.

அன்று இரவு நாம் அந்தத் தம்பிக்குச் சொன்னது இவ்வளவுதான். குப்பையில் போடவேண்டாம், வேறு பிள்ளைகள் எடுக்கக்கூடும். கையில் எடுத்துக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு நடக்கவும் வேண்டாம். வாளை உறைக்குள் போட்டு, துணியால் சுற்றி, பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். காலையில் முதலில் உங்கள் சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள். பிறகு அவசரமில்லாத பொலிஸ் இலக்கமான 101க்கு எடுத்து, எங்கே வாங்கினது, எப்போது தெரியவந்தது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆங்கிலம் தடக்கினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு நடவுங்கள்.

தம்பிக்கு அந்த இரவு நித்திரை இல்லை. பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்குகிற நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு, தாமாகவே அவர்களைக் கூப்பிடு என்று சொல்வது இலேசான புத்திமதி அல்ல என்பது எமக்கும் தெரியும். எமக்கும் உள்ளே கொஞ்சம் உதறல்தான்.

மறுநாள் பின்னேரம் இரண்டு பேர் வந்தார்கள். சப்பாத்தை வாசலில் கழற்றவேண்டுமா என்று கேட்டார்களாம். தடியை உருவிப் பார்த்து, ஒரு கடதாசியில் எழுதி, தம்பியின் கையொப்பம் வாங்கிக்கொண்டு, அறிவித்ததற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். மனைவி போட்ட தேத்தண்ணீர் ஆறிப்போய்விட்டது. ஐயா மட்டும் ஐந்து பவுணைப் பற்றிக் கேட்கச் சொல்லி மகனை இடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். மகன் மொழிபெயர்க்கவில்லை.

இப்போது ஐயாவிடம் ஆஸ்பத்திரியில் கொடுத்த அலுமினியத் தடி இருக்கிறது. நரை நிறம், றப்பர் அடி, அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. அதிலும் ஒரு பொத்தான் உண்டு. பேரன் முதல் நாளே அழுத்திப் பார்த்தான். தடி இரண்டு அங்குலம் குட்டையானது.