வெங்கட் எப்படி வின்சென்ட் ஆனார்?



பள்ளி விடுமுறை விட்டால் போதும், நம் பிள்ளைகள் விண்வெளிப் படங்களின் முன்னால் உட்கார்ந்து விடுகிறார்கள். பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் படங்கள் காட்டும் எதிர்காலத்தில் நம் நிறத்தவருக்கு என்ன இடம் என்று பெற்றோர்களும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.

1986-இல் 'ஷார்ட் சர்க்கியூட்' என்றொரு படம். அதில் ரோபோ செய்யும் இந்தியர் ஒருவர் வருகிறார். நடித்தவர் பிஷர் ஸ்டீவன்ஸ் என்ற வெள்ளைக்காரர்! முகத்தில் பழுப்புச் சாயம், வாயில் கேலியான ஆங்கிலம். 1988-இல் இரண்டாம் பாகம் வந்தது. அதே ஆள், அதே சாயம்.

'ஸ்டார் டிரெக்' கதை இன்னும் வேடிக்கை. 1967-இல் தொலைக்காட்சித் தொடரில் கான் நூனியன் சிங் என்ற பாத்திரம் வந்தது. வட இந்தியர், சீக்கியராக இருக்கலாம் என்று வசனமே உண்டு. நடித்தவரோ மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான். 2013 படத்தில் அதே கானாக வந்தவர் பெனடிக்ட் கம்பர்பேட்ச் என்ற ஆங்கிலேயர். சிங் வேடத்துக்கு ஓர் இந்தியர் கூடவா கிடைக்கவில்லை? பெர்சிஸ் கம்பாட்டா என்ற இந்திய நடிகையை 1979 படத்தில் சேர்த்தார்கள். என்ன வேடம் தெரியுமா? மொட்டைத் தலையுடன் வேற்றுக்கிரகப் பெண்! (இந்திய வேடத்துக்கு மற்றவர், இந்தியருக்கு வேற்றுக்கிரகம். நல்ல கணக்கு!)

இப்போது வெங்கட்டுக்கு வருவோம். ஆண்டி வியர் எழுதிய 'தி மார்ஷியன்' நாவலில் நாசாவின் செவ்வாய்ப் பயணங்களுக்குப் பொறுப்பான அதிகாரி வெங்கட் கபூர், ஓர் இந்து. 2015-இல் படமானபோது அவர் வின்சென்ட் கபூர் ஆகிவிட்டார். நடித்தவர் சிவெட்டல் எஜியோபோர். அருமையான நடிகர். அவரோடு நமக்குச் சண்டை இல்லை. கறுப்பினத்தவரும் காலம் காலமாக ஒதுக்கப்பட்டவர்கள்தான். முதலில் இர்பான் கானைக் கேட்டார்கள், தேதி ஒத்துவரவில்லை என்கிறார்கள். சரி, ஒருவர் வரவில்லை. நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்களில் இன்னொருவர் கிடைக்காமலா பெயரையே மாற்றினார்கள்? பெரிய நட்சத்திரம் இருந்தால்தான் டிக்கெட் விற்கும் என்ற சாக்கும் இங்கே எடுபடாது. டிக்கெட் விற்க மேட் டேமன் இருந்தாரே!

"படம்தானே, விடுங்கள்" என்பார்கள் சிலர். ஸ்வாதி மோகனைக் கேளுங்கள். 18.2.2021 அன்று நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கியதை, நெற்றியில் பொட்டோடு உலகுக்கு அறிவித்த பெங்களூரில் பிறந்த பெண். ஒன்பது வயதில் 'ஸ்டார் டிரெக்' பார்த்துத்தான் விண்வெளி ஆசை வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு படம் பிள்ளையை எவ்வளவு தூரம் கொண்டு போகும் என்பது இவர்களுக்குத் தெரியாதா?

நம்மவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். 24.9.2014 அன்று இந்தியாவின் மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. அதில் முக்கியப் பொறுப்பு வகித்த மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடி கிராமத்தவர், தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர். அதற்கு அடுத்த வருடமே ஹாலிவூட் செவ்வாயைப் பற்றிப் படம் எடுத்தது. அதில்தான் வெங்கட் காணாமல் போனார்.