சுவடிக்கூடத்தின் வாசற்படிகள்

“அப்படியானவர்கள் இங்கு வருவதில்லை.”

திரைப்படங்களையும் ஒலிப்பதிவுகளையும் பேணுகின்ற பொது நிறுவனம் ஒன்றிடம், சக்கர நாற்காலியில் வருபவருக்கு என்ன ஏற்பாடு உண்டு என்று கேட்டால் நம் நாட்டில் பெரும்பாலும் கிடைக்கும் விடை இதுதான். வராமைக்குக் காரணம் ஆர்வமின்மை என அதிகாரிகள் கருதுகிறார்கள். வாசலில் ஏழு படிகள் இருப்பது அவர்களின் கண்ணுக்குத் தெரிவதில்லை. படிகளைக் கட்டி வைத்துவிட்டு, படியேற முடியாதவர் வரவில்லை என்பதையே சான்றாகக் காட்டுவது நமது நிருவாகத்துக்கே உரிய தனிக்கலை.

சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் நிறைவேறியது. பொதுக் கட்டடங்களை அனைவரும் அணுகத்தக்கவையாக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளியாகின. கலாநிதி அஜித் பெரேரா தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனு தொடர்பில் உயர் நீதிமன்றம் 2011இல் கட்டளை பிறப்பித்தது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அச்சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை நூலகம், நூதனசாலை, திரையரங்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. காகிதத்தில் நமக்குக் குறைவில்லை. நமக்கு எப்போதும் குறைவாக இருப்பது சீமெந்தும் மனமும்தான்.

“எங்களுடையது பழைய கட்டடம், என்ன செய்வது?” என்பது அடுத்த சாட்டு. அவுஸ்திரேலியாவின் தேசிய திரைப்பட, ஒலிச் சுவடிக்கூடம் கன்பராவில் இயங்கும் கட்டடமும் புதியதன்று. உடற்கூற்றியல் நிறுவகம் ஒன்றுக்காக 1930 அளவில் கட்டப்பட்டது. சுவடிக்கூடம் 1984இல்தான் அங்கே உருவானது. 1906ஆம் ஆண்டின் ‘கெல்லி கூட்டத்தின் கதை’ என்ற, உலகின் முதல் முழுநீளக் கதைப்படத்தில் எஞ்சிய சில நிமிடங்களைப் போற்றிக் காப்பது அந்த நிறுவனமே. வர எண்ணுபவர் வீட்டிலிருந்தே திட்டமிடுவதற்கான அணுகல் விபரங்களை அது பொதுமக்களுக்கு அறியத் தருகிறது. அந்நாட்டில் எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அங்கும் 1992இல் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்த பின்னரும் போராடித்தான் பலதையும் பெற்றார்கள். ஆனால், கட்டடம் பழையது என்பதை விடையாகச் சொல்லிவிட்டு அமர்ந்திருக்க அங்கே வழியில்லை.

அதே நிறுவனம் 2015இல் ‘கெடு 2025’ என்ற தலைப்பில் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. 2025க்குள் இலக்க வடிவத்துக்கு மாற்றப்படாத காந்த நாடாக்களில் பெரும்பகுதி மீளப் பெற முடியாதபடி அழிந்துவிடும் என்பது அதன் சாரம். நாடா சிதைகிறது; அதனை ஓட்டும் இயந்திரங்களைச் செய்வோர் இப்போது அரிது; பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் ஓய்வுபெற்றுவிட்டார்கள். சுவடிக்கூடக்காரர்கள் இந்தக் கெடுவைப் பற்றி மாநாடு மாநாடாகப் பேசினார்கள். இன்னொரு கெடுவைப் பற்றிப் பேசியவர் சிலரே. நாடாவில் ஒலிப்பது யாருடைய குரல் என்று சொல்லக்கூடிய மனிதருடைய கெடு அது.

நமது நிலையை எண்ணிப் பாருங்கள். கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925இல் தொடங்கியது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் நாடகம் நடித்தவர்கள், மெல்லிசை பாடியவர்கள், கிராமம் கிராமமாக ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்து திரிந்தவர்கள் ஆகியோரில் உயிரோடிருப்பவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். இலங்கையின் முதல் தமிழ்ப்படமான ‘சமுதாயம்’ 1962இல் வெளிவந்தது. அதனைத் திரையில் பார்த்தவருக்கு இன்று என்ன வயது என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் எரித்தார்கள். 1983 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோவை எரித்தார்கள். ஆவணம் எரிந்துபோன சமூகத்துக்கு மனித நினைவே கடைசிப் பிரதி. அந்தப் பிரதி முழங்கால் வலியோடும் மங்கிய கண்ணோடும் செவிப்புலன் கருவியோடும் இருக்கிறது. அதனைப் படியேறி வரச் சொல்லுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓய்வுபெற்ற வானொலி நடிகர் ஒருவரைப் பழைய நாடாக்கள் சிலவற்றைக் கேட்பதற்காக ஒரு நிறுவனத்துக்கு அழைத்துச் சென்றேன். நிறுவனத்தின் பெயர் இங்கு தேவையில்லை. எந்தப் பெயரைப் போட்டாலும் கதை பொருந்தும். பக்கவாதத்தின் பின் அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். முதல் நாள் தொலைபேசியில் கேட்டபோது, “வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்” என்றார்கள். போனோம். ஒலிப்பதிவு கேட்கும் அறை இரண்டாம் மாடியில். மின்தூக்கி பழுது. ஊழியர்கள் நால்வர் நாற்காலியோடு அவரைத் தூக்கிச் செல்ல முன்வந்தார்கள். நல்ல மனதுடன்தான் முன்வந்தார்கள். “நான் அரிசி மூடை இல்லைத் தம்பி” என்றார் அவர். திரும்பினோம். யாரென்று தெரியாத குரல்கள் இருந்த அந்த நாடாக்களின் பெட்டியில் ‘நாடகம், பெயர் தெரியாது’ என்ற குறிப்பு இன்றும் அப்படியே இருக்கிறது.

“பார்த்துக்கொள்ளலாம்” என்ற அந்தச் சொல்லின் மீதே என் கோபம் முழுவதும். சாய்தளம் கட்டப் பணம் வேண்டும். மின்தூக்கிக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். உண்மை சொல்லப் பணம் வேண்டாம். வாசலில் எத்தனை படிகள், கதவின் அகலம் எத்தனை அங்குலம், மின்தூக்கி இன்று இயங்குகிறதா, மலசலகூடத்துக்குள் சக்கர நாற்காலி திரும்புமா, வாகனம் எவ்விடம் வரை வரும், உதவிக்கு வருபவருக்கும் கட்டணம் உண்டா: ஓர் அளவு நாடாவும் அரை நாளும் இருந்தால் இவற்றையெல்லாம் எழுதி வெளியிட்டுவிடலாம். சாய்தளம் உண்டு என்று மட்டும் சொன்னாலும் போதாது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. இங்கே பல இடங்களில் சாய்தளம் என்று கட்டியிருப்பது மோட்டார் சைக்கிள் ஏற்றுவதற்கே உதவும். யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்து, உதவியாளரைக் கூட்டிக்கொண்டு, இரவு முழுவதும் பயணம் செய்து கொழும்புக்கு வருபவருக்குப் பிழையான ஒரு தகவல் இரண்டு நாளையும் ஒரு மாத ஓய்வூதியத்தையும் விழுங்கிவிடும். ‘இரண்டாம் மாடி, மின்தூக்கி இல்லை’ என்று முன்கூட்டியே சொன்னால், கீழ்த்தளத்தில் ஒரு மேசையும் காதொலிப்பானும் போட்டுத் தரும்படி கேட்கவாவது அவருக்கு வழி கிடைக்கும்.

வாசலைக் கடந்தாலும் பிரச்சினை முடிவதில்லை. பார்வையற்ற ஆய்வாளருக்கு ஒலிச் சுவடிக்கூடத்தைவிட உகந்த இடம் எது? எனினும் அட்டவணையைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருப்பார்கள். அல்லது தாளைப் படமெடுத்துப் போட்டிருப்பார்கள். திரைவாசிப்பு மென்பொருளுக்குப் பாமினி தமிழே அன்று, வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. படத்திலோ அதற்கு ஓரெழுத்தும் தெரியாது. ஒருங்குறியில் எழுதினால் தீர்ந்துவிடக்கூடிய விடயம் இது. செவிப்புலன் குறைந்தவருக்கு எழுத்துரை ஓடாத படம் ஊமைப்படம். எழுத்துரை செய்ய ஆளில்லை என்றால் உரையாடலைத் தட்டச்சு செய்து கையில் கொடுக்கலாமே!

“இனி ஏன் நேரில் வரவேண்டும், எல்லாம் இணையத்தில் வந்துவிடுமே” என்று இளைஞர்கள் கேட்பார்கள். வரட்டும், மகிழ்ச்சி. ஆனால் உரிமைச் சிக்கல் உள்ள படங்களையும் பதிவுகளையும் கட்டடத்துக்குள் இருந்து மட்டுமே பார்க்கவும் கேட்கவும் பல நாடுகளில் அனுமதிக்கிறார்கள். நடக்க முடிந்தவர் உள்ளே சென்று பார்ப்பார். நடக்க முடியாதவர் இணையத்தில் கிடைத்ததோடு திருப்தியடைய வேண்டுமா? 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதமானோருக்குப் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதோவொரு சிரமம் உண்டு. போரில் கால் இழந்த ஒரு தலைமுறையே அதற்குள் அடங்கும். இவர்களுக்கு இரண்டாந்தரப் பிரதி போதும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை யார் யாருக்குக் கொடுத்தார்கள்?

அரசாங்கத்தைத் திட்டுவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். புலம்பெயர்ந்த நம்மவர்களையும் கேட்க வேண்டியுள்ளது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் பழைய ஒலிநாடாக்களை இலக்கமாக்க நிதி சேர்க்கிறார்கள். நல்ல காரியம். அந்த நிதி சேர்ப்புக் கூட்டத்தையே சில வேளைகளில் படியிறங்கிச் செல்லும் நிலவறை மண்டபத்தில் வைக்கிறார்கள். மேடையில் பொன்னாடை பெறவேண்டிய மூத்த கலைஞரைப் பேரப்பிள்ளைகள் கைத்தாங்கலாக இறக்குவதைப் படம் பிடித்து ‘நெகிழ்ச்சியான தருணம்’ என்று எழுதுகிறார்கள். அதில் நெகிழ என்ன இருக்கிறது?

சுவடிக்கூடம் ஒன்றுக்கு அடுத்த முறை நன்கொடை அனுப்பும் முன்னர், அங்கே தொலைபேசியில் அழைத்து, எழுபத்தெட்டு வயதான சக்கர நாற்காலிக்காரர் ஒருவரை வரும் செவ்வாய்க்கிழமை கூட்டி வரப்போவதாகச் சொல்லுங்கள். கதவின் அகலத்தைக் கேளுங்கள். “பார்த்துக்கொள்ளலாம்” என்றால் காசோலையை மேசைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அளந்துவிட்டு அழைக்கும்படி சொல்லுங்கள்.