இனிப்பு கொடுக்கும் முன் ஒரு கேள்வி



புறவழிச்சாலை திறந்தால் பட்டாசு வெடித்து இனிப்பு கொடுக்கிறோம். தவறில்லை. ஊருக்குள் லாரி குறைந்தால் பிள்ளைகள் பயமில்லாமல் பள்ளிக்குப் போகலாம்.

ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். பெருங்களத்தூர் முதல் புழல் வரை பைபாஸ், 32 கி.மீ. அதன் இருபுறமும் வீடுகள் நெருங்கிவிட்டன. அதற்கு வெளியே வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, 62 கி.மீ. இப்போது எண்ணூர் முதல் மாமல்லபுரம் பக்கம் வரை சென்னை எல்லைச் சாலை, சுமார் 130 கி.மீ. சாலை விலக விலக ஊர் துரத்துகிறது. நடுவில் மாட்டிக்கொள்வது ஏரியும் கால்வாயும்தான். 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் நம் சிட்லபாக்கமும் பட்ட பாடு மறக்குமா?

அடுத்த திறப்பு விழாவிலும் கைதட்டுவோம். அதற்கு முன்பே கேட்போம்: தண்ணீர் போக வழி விட்டார்களா? ஜனங்கள் நடந்து கடக்க வழி இருக்கிறதா?

என்னிடம் படித்த இன்ஜினியர்களே, உங்களைத்தான் கேட்கிறேன்.