பளபளக்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலை மேல் ஏறியவர்களுக்கு ஓரிடம் நன்றாக நினைவிருக்கும். உச்சிக்குச் சற்று முன்னால் ஆழமான ஒரு பாறைப் பிளவு; அதன் மேல் சிறியதொரு பாலம். பகைவர் வந்தால் எடுத்துவிடும்படியான மரப்பாலமாக அது அந்நாளில் இருந்தது. கீழே எத்தனை ஆயிரம் வீரர்கள் நின்றால் என்ன? பாலம் எவ்வளவு பேரை விடுகிறதோ அவ்வளவு பேர்தான் மேலே போக முடியும். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை இந்தக் கோட்டையைப் பிடிக்கத் திணறியதற்கு இத்தகைய இடங்களும் ஒரு காரணம்.

கணிப்பொறி வாங்கப் போகிறவர்களுக்கு இந்தப் பாலத்தை நினைவூட்ட விரும்புகிறேன்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றுதான். கோட்டையைக் கைப்பேசியில் படம் பிடித்து, வெட்டி, ஒட்டி, குரல் சேர்த்து நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு இருக்கும். நல்ல ஆசைதான். அதே கணிப்பொறியில் மாலையில் விளையாடவும் வேண்டும். (வீட்டில் கேட்கும்போது முதல் காரணத்தை மட்டும் சொல்வீர்கள், அது வேறு விஷயம்!)

இப்போது கடைகளில் 'கேமிங் டெஸ்க்டாப்' என்று கூட்டி முடித்த பெட்டிகள் கிடைக்கின்றன. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே வண்ண விளக்கு. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிக் கொள்வதே சிறந்தது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். செஞ்சியில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குப் பழுது வந்தால் ஒரே இடத்தில் கேட்க முடிவது பெரிய வசதி. கூட்டி முடித்த பெட்டியையே வாங்குங்கள். ஆனால் உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

முதலில் வேலையைக் கணக்கிடுவோம். சாதாரணத் திரையில் 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். விளையாட்டில் நொடிக்கு 60 படங்கள் வேண்டுமானால், நொடிதோறும் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட்டாக வேண்டும். இந்த வேலையை வரைகலை அட்டை, அதாவது கடைக்காரர் சொல்லும் கிராபிக்ஸ் கார்டு செய்கிறது. அதன் பெயரை மட்டும் கேட்டால் போதாது. ஒரே பெயரில் 8 ஜிகாபைட் நினைவகத்துடனும் 16 ஜிகாபைட் நினைவகத்துடனும் அட்டைகள் வருகின்றன. மேலே சொன்ன திரைக்கு 8 பெரும்பாலும் போதும் என்பது என் எண்ணம்.

வீடியோ வெட்டும் வேலை வேறு வகை. 4கே படம் நொடிக்கு 100 மெகாபிட் என்று பதிவாவதாகக் கொள்வோம். எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். ஒரு நிமிடத்துக்கு 750 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட். இது சுருக்கி வைத்த அளவு. வெட்டுவதற்காக விரிக்கும்போது என்ன ஆகிறது பாருங்கள்! 4கே படம் ஒன்றில் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் என்றால் ஒரு படத்துக்கு 25 மெகாபைட். நொடிக்கு 30 படங்கள் என்றால் 750 மெகாபைட். கோப்பில் ஒரு நிமிடம் பிடித்த இடத்தை, விரித்த பிறகு ஒரே நொடி பிடித்துக் கொள்கிறது!

இங்கேதான் ராஜகிரிப் பாலம் வருகிறது. சுழலும் வன்தட்டு நொடிக்குச் சுமார் 150 மெகாபைட் தரும். என்விஎம்இ வகைத் திடநிலை நினைவகம் 3000-க்கு மேல் தரும். வேகமான செயலியை வைத்துவிட்டு வன்தட்டிலிருந்து வேலை செய்தால், படை கீழேயே நிற்கும். நினைவகம் 16 ஜிகாபைட்டுக்குக் குறையக் கூடாது. 32 இருந்தால் நிம்மதி. 16-ஐ ஒரே துண்டாகப் போட்டுக் காசு மிச்சம் பிடிக்கும் பெட்டிகள் உண்டு. இரண்டு எட்டாகப் போட்டால் செயலிக்கு இரண்டு வழிகள் திறக்கும். இதைக் கேட்க ஒரு பைசா செலவில்லை.

செயலியின் பெயரிலும் ஒரு வேடிக்கை. 'ஐ7' என்று மட்டும் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. 2012-ல் வந்த ஐ7 ஒன்றை 2022-ல் வந்த ஐ3 எளிதில் முந்திவிடும். இன்டெல் செயலியின் எண் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால், அதனுள் வரைகலைப் பகுதி இல்லை என்று பொருள். வீடியோவை விரித்துக் கொடுக்கும் வேலையில் அந்தப் பகுதி நன்றாக உதவும். நானாக இருந்தால் எஃப் இல்லாததையே எடுப்பேன்.

இதுவரை சொன்னதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர் சொல்லாத விஷயம் வெப்பம்.

இணையத்தில் கணிப்பொறிகளைச் சோதித்துக் காட்டுபவர்கள் பலர் குளிரூட்டிய அறையில், 21 பாகை செல்சியஸ் அளவில் சோதிக்கிறார்கள். நம் ஊரில் மே மாதப் பிற்பகலில், சுற்றிலும் பாறை கொதிக்கும்போது, மாடி அறையில் 38 பாகை இருந்தால் வியப்பில்லை. விசிறி செய்வதெல்லாம் அறைக் காற்றை உள்ளே இழுத்து வெப்பத்தை வெளியே தள்ளுவதுதான். அறையைவிடக் குளிர்ந்த காற்று அதற்கு எங்கிருந்து கிடைக்கும்? ஆகவே அங்கே 80 பாகையில் ஓடும் செயலி இங்கே 97-ஐத் தொடும். 95 முதல் 100 பாகைக்குள் பெரும்பாலான செயலிகள் தம்மைக் காத்துக் கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக் கொள்கின்றன. நீங்கள் கொடுத்த விலை முழு வேகத்துக்கு. கிடைப்பதோ அரைகுறை வேகம். முன்புறம் கண்ணாடியால் மூடிய பெட்டியை வாங்காதீர்கள். காற்றுப் புகும் வலைமுகமும், கழற்றிக் கழுவக் கூடிய தூசு வடிகட்டியும் உள்ளதே நமக்கு ஏற்றது. பார்வைக்குச் சற்று மட்டமாகத்தான் இருக்கும்.

அடுத்தது மின்வழங்கி, கடை வழக்கில் எஸ்.எம்.பி.எஸ். விளம்பரத் தாளில் செயலி பெரிய எழுத்தில் இருக்கும். இதன் பெயரோ பல சமயம் இருக்கவே இருக்காது. 85 சதவீதத் திறனுள்ள மின்வழங்கி 400 வாட் கொடுக்க, சுவரிலிருந்து 470 வாட் இழுக்கும். மிச்சம் 70 வாட் வெப்பமாகும். மட்டமான வழங்கியில் இது கூடும். அது கெடும்போது தாய்ப்பலகையையும் சேர்த்துக் கெடுக்கலாம். மின்வழங்கியின் தயாரிப்பாளர் பெயரையும் வாட் அளவையும் எழுதித் தர மறுக்கும் கடையில் பணத்தை எண்ணாதீர்கள்.

மின்வெட்டுக்கு வைக்கும் யு.பி.எஸ். கணக்கும் பலருக்குத் தவறுகிறது. 600 வி.ஏ. என்று எழுதியிருப்பது ஏறத்தாழ 360 வாட் மட்டுமே தாங்கும். 400 வாட் இழுக்கும் விளையாட்டின் நடுவே மின்சாரம் நின்றால் யு.பி.எஸ்.ஸும் உடனே கையை விரித்துவிடும். இதற்கென்று முதலிலேயே தொகை ஒதுக்குங்கள், வண்ண விளக்கைக் குறைத்தாவது.

இன்னொன்றும் உண்டு. செஞ்சிக்குத் தென்கிழக்கே புதுச்சேரி வட்டாரத்தில் எச்.சி.எல்., விப்ரோ என்ற இரண்டு இந்திய நிறுவனங்களும் பல ஆண்டுகள் மேசைக் கணிப்பொறிகள் தயாரித்தன. 2013-ல் இரண்டுமே இத்தொழிலிலிருந்து விலகுவதாக அறிவித்தன. பெயர் பெற்ற நிறுவனமும் ஒருநாள் கடையை மூடலாம்! அப்போது உங்கள் பெட்டிக்குள் இருப்பது பொது அளவிலான பாகங்களானால் எந்த ஊரிலும் மாற்றிக் கொள்ளலாம். தனக்கென்று தனி வடிவில் மின்வழங்கியும் தாய்ப்பலகையும் செய்யும் நிறுவனங்கள் இன்றும் இருக்கின்றன. அலுவலகங்களில் கழித்து விற்கும் மலிவான சிறு பெட்டிகளில் இது மிகவும் சகஜம். அவற்றில் பெரிய வரைகலை அட்டையைச் சொருக இடமும் இருக்காது.

இவ்வளவு பணம் இப்போது இல்லை என்கிறீர்களா? அப்பாவிடம் கடன் வாங்கச் சொல்லாதீர்கள். இருக்கும் பழைய கணிப்பொறியில் கேடன்லைவ் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். பெரிய கோப்புக்குப் பதிலாக அதன் சிறிய நகலை வைத்து வெட்டும் வசதி அதில் இருக்கிறது. வெட்டி முடித்த பின் மென்பொருளே மூலக் கோப்பிலிருந்து இறுதிப் படத்தை உருவாக்கித் தரும். பத்து நிமிடப் படத்தை இரவு ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் தயாராக இருக்கும்.