கூப்பிட்டால் வருமா பூனை?



உங்கள் வீட்டில் பூனை இருக்கிறதா? இருந்தால், அதன் பெயரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். வந்ததா? வரவில்லையா? கவலை வேண்டாம். இந்த வாரக் கடிதம் உங்களுக்காகத்தான். பூனை வளர்க்காதவர்களும் விடாமல் படியுங்கள். கடைசியில் உங்களுக்கும் ஒரு சேதி வைத்திருக்கிறேன்.

என் பேத்தி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் மழைக்காலத்தில் எங்கள் மாடிப்படிக்கு அடியில் ஒதுங்கிய பூனைக்குட்டியை வளர்த்து வருகிறாள். அதன் பெயர் சுண்டு. பள்ளி விட்டு வந்ததும், "சுண்டு! சுண்டு!" என்று தெருமுனை வரை கேட்கும்படி கூப்பிடுவாள். அதுவோ அலமாரி மேல் உட்கார்ந்தபடி காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பும். அவ்வளவுதான்!

"ஆச்சி, இதுக்குக் காது கேக்காதா?" என்று ஒரு நாள் கேட்டாள். அந்த நேரம் பார்த்து அடுப்படியில் மீன் சட்டியின் மூடி 'டங்' என்றது. சுண்டு ஒரே பாய்ச்சலில் அங்கே போய் நின்றது!

வராத பூனையை என் பேத்தி விடுவாளா? கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போய்ப் பிடித்து இழுப்பாள். நெஞ்சோடு சேர்த்து இறுக்குவாள். ஒரு நாள் அது திமிறி, அவள் கையில் நீளமாகக் கீறிவிட்டது. காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் குழாய்த் தண்ணீரில் கழுவினோம். உடனே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியும் போட்டுக்கொண்டோம்.

வீடு திரும்பியதும் என் மகன், "அம்மா, இது இனி இங்கே வேண்டாம். சாக்கில் போட்டு மார்க்கெட்டில் விட்டுட்டு வந்திடுறேன்" என்றான். பேத்தி ஒரே அழுகை. வீட்டில் வளர்ந்த குட்டி, அங்கே நாய்களுக்கும் வண்டிகளுக்கும் நடுவில் எத்தனை நாள் தாங்கும்? "ஒரு மாசம் பொறுடா. அதுக்குள்ளே பழக்க முடியலைன்னா அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனே தவிர, எப்படிப் பழக்குவது? அப்போதுதான் நாற்பது வருடத்துக்கு முன்னால் ஆசிரியர் பயிற்சியில் படித்த ஒரு பாடம் நினைவுக்கு வந்தது. அந்தப் பாடத்தின் கதாநாயகனே ஒரு பூனைதான்!

அமெரிக்காவில் எட்வர்ட் தார்ண்டைக் என்று ஓர் அறிஞர் இருந்தார். பசியோடு இருந்த பூனையை ஒரு கூண்டுக்குள் விட்டு, வெளியே தின்பண்டத்தை வைத்தார். உள்ளே இருக்கும் கயிற்றையோ கட்டையையோ சரியாக அசைத்தால் கதவு திறக்கும். பூனை முதலில் கம்பிகளைப் பிறாண்டியது, கடித்தது, இடுக்கில் காலை நீட்டிப் பார்த்தது. அப்படிச் செய்யும்போது தற்செயலாகக் கயிற்றில் கால் பட்டது. கதவு திறந்தது, தீனியும் கிடைத்தது. மறுபடி மறுபடி கூண்டில் விட்டபோது வீண் வேலைகள் குறைந்தன. முடிவில் உள்ளே விட்டதும் நேரே கயிற்றுக்கே போனது! இந்த ஆய்வை 1898இல் அவர் வெளியிட்டார். எந்தச் செயலுக்குப் பின் நல்லது நடக்கிறதோ, அந்தச் செயல் மனதில் பதியும் என்பதுதான் அதன் சாரம். பயிற்சிப் புத்தகத்தில் இதற்கு 'விளைவு விதி' என்று பெயர்.

சரி, சுண்டுவுக்குத் தன் பெயர் தெரியுமா? தெரிந்திருக்கும். ஜப்பானில் அட்சுகோ சைட்டோ என்ற பெண் விஞ்ஞானி பூனைகளை ஆராய்ந்து வருகிறார். வளர்ப்பவரின் குரலைப் பூனை அடையாளம் காண்கிறது என்று 2013இல் அவரது குழு எழுதியது. காதைத் திருப்பின, தலையைத் திருப்பின. ஆனால் எழுந்து மட்டும் வரவில்லையாம்! தம் பெயரையும் அதே மாதிரி ஒலிக்கும் மற்றச் சொற்களையும் வீட்டுப் பூனைகள் பிரித்து அறிகின்றன என்று 2019இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆக, கேட்காமல் இல்லை; வருவதா வேண்டாமா என்று அதுதான் முடிவு செய்கிறது.

அப்படியானால் சுண்டு ஏன் 'வேண்டாம்' என்று முடிவு செய்தது? ஒரு நாள் முழுவதும் கையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, பேத்தி எதற்கெல்லாம் அதைக் கூப்பிடுகிறாள் என்று குறித்து வைத்தேன். காலையில், குளிப்பாட்ட. மத்தியானம், பூச்சி மருந்து கொடுக்க. சாயங்காலம், பொம்மைச் சட்டை மாட்டி அழகு பார்க்க. ராத்திரி, கதவைச் சாத்திப் பின்கட்டில் அடைக்க. நீங்களே சொல்லுங்கள், அந்தப் பெயரைக் கேட்டால் நீங்கள் வருவீர்களா?

தாளைப் பேத்தியிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். "பாவம் ஆச்சி சுண்டு" என்றாள். அன்றைக்கே பாடத்தைத் தொடங்கினோம்.

முதல் பாடம், பெயருக்குப் பின்னால் எப்போதும் நல்லதே நடக்க வேண்டும். உப்புப் போடாமல் வேகவைத்த மீனையோ கோழியையோ சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பிய்த்து வைத்துக்கொண்டோம். வீட்டில் அசைவம் சமைக்காதவர்கள், கடையில் விற்கும் பூனைத் தீனியைப் பயன்படுத்தலாம். வெங்காயம், பூண்டு சேர்ந்த எதையும் கொடுத்துவிடாதீர்கள்; அது பூனைக்கு நஞ்சு. மிட்டாய் ஆசையும் காட்ட வேண்டாம். பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது!

சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், நாலே அடி தூரத்தில் உட்கார்ந்து, மெல்லிய குரலில் "சுண்டு, வா" என்று ஒரே தடவை சொல்ல வேண்டும். வந்த அந்த நொடியே துணுக்கு கிடைக்க வேண்டும். வராவிட்டால் திட்டக் கூடாது, இழுக்கக் கூடாது, பத்துத் தடவை கூப்பிடவும் கூடாது. எழுந்து போய்விட்டு அப்புறம் பார்க்க வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்து தடவை போதும். நன்றாக வரத் தொடங்கியதும் தூரத்தைக் கூட்டலாம்: அடுத்த அறை, பிறகு முற்றம், பிறகு மாடி.

குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் வேண்டுமானால்? பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அது இருக்கும் இடத்துக்கு நீங்களே போய்ப் பதமாகத் தூக்கி வாருங்கள். பெயரைத் தூண்டில் ஆக்கிவிட்டால் அப்புறம் ஒருநாளும் நம்பாது.

இரண்டாம் பாடம், விலகி நிற்கக் கற்பது. இது பூனைக்கு அல்ல, நமக்கு! வாலைப் 'பட் பட்' என்று தரையில் அடித்தாலோ, காதுகளைப் பின்பக்கம் மடக்கினாலோ, முதுகுத்தோல் சிலிர்த்து ஆடினாலோ, 'போதும், என்னை விடு' என்று பொருள். கீறுவதற்கு முன்னால் பூனை இத்தனை தடவை சொல்லிப் பார்க்கிறது. நாம்தான் கவனிப்பதில்லை.

தொடுவதற்கு முன் ஒரு விரலை நீட்டுங்கள். அதுவாக வந்து முகர்ந்து கன்னத்தை உரசினால் தடவலாம். கன்னம், தாடை, காதடி ஆகிய இடங்கள் அதற்குப் பிடிக்கும். வயிற்றையும் வாலையும் தொடாதீர்கள். மூன்று எண்ணும் வரை தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் வேண்டுமானால் அதுவே தலையை நீட்டும். தின்னும்போதும் தூங்கும்போதும் கிட்டேயே போகாதீர்கள். யாரும் தொடாத ஓர் இடம் அதற்கென்று இருக்கட்டும். எங்கள் வீட்டில் ஒரு பழைய அட்டைப்பெட்டி. சுண்டு அதற்குள் போய்விட்டால் யாரும் கை நீட்டக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டோம்.

இன்னொரு வேடிக்கை! பூனையைப் பார்த்துக் கண்ணை மெதுவாக மூடித் திறந்தால், அதுவும் பதிலுக்கு மூடித் திறக்குமாம். அப்படிச் செய்பவரிடம் நெருங்கியும் வருமாம். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு இதை 2020இல் சொன்னது. பேத்தி தினமும் இதைச் செய்கிறாள். சுண்டுவும் பதில் சொல்கிறது.

மூன்றாம் பாடம், பூனையும் நமக்கு இடம் விடுவது. நாம் சாப்பிடும்போது தட்டுக்கு வருவதும், எழுதும்போது நோட்டின் மேல் படுப்பதும் சுண்டுவின் வழக்கம். அதற்கு முதலிலேயே வயிறு நிறையத் தீனி வைத்தோம். சற்றுத் தள்ளி ஒரு பழைய துண்டை விரித்தோம். துண்டில் உட்கார்ந்தால் துணுக்கு. தட்டுக்கு வந்தால் ஒன்றும் கிடையாது. அடி இல்லை, தண்ணீர் தெளிப்பதும் இல்லை. மிரட்டினால் பூனை நம்மைக் கண்டு பயப்படுமே தவிர, என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொள்ளாது. ஆனால், வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். என் மகன்தான் யாருக்கும் தெரியாமல் தட்டிலிருந்து மீன் கொடுத்து, நான்கு நாள் பாடத்தை ஒரே இரவில் கெடுத்தான்! யாரைத் திட்டுவது, சொல்லுங்கள்?

ஒரு மாதம் முடிந்தது. இப்போது பத்துத் தடவை கூப்பிட்டால் ஏழு தடவை சுண்டு வருகிறது. மற்ற மூன்று தடவை காதை மட்டும் திருப்புகிறது. திருப்பட்டுமே! கீறல் நின்றுவிட்டது. சாக்கு மறுபடி பரணுக்குப் போய்விட்டது. சுண்டுவுக்கு அரசு கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. உங்கள் பூனைக்கும் போட்டுவிடுங்கள். எந்தப் பூனை கீறினாலும் கடித்தாலும், திட்டு விழுமே என்று பயந்து மறைக்காமல் அன்றைக்கே அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். காயத்தில் மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள்.

இனி, பூனை இல்லாதவர்களுக்கான சேதி.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் நாலாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்றால் அவன் பெயரைச் சொல்லுவேன். வகுப்பில் சத்தம் என்றால் அவன் பெயரைச் சொல்லுவேன். ஒரு நாள் சந்தையில் அவனைப் பார்த்தேன். பாசத்தோடுதான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் முகம் வெளுத்து, அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். தார்ண்டைக்கின் விதியைப் படித்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவள்தான் நான். ஆனால், அந்தப் பிஞ்சின் பெயரை அவனுக்கே பயமாக்கியிருந்தேன்.

மறுநாள் முதல் நல்ல காரியங்களுக்கு அவன் பெயரைச் சொன்னேன். "சாக்பீஸ் எடுத்துட்டு வாப்பா", "இந்தக் கணக்கை நீ சொல்லு ராஜா", "பாட்டை நீ ஆரம்பி". உடனே எதுவும் மாறிவிடவில்லை. அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதுதான், கூப்பிடாமலே என் மேசை அருகே வந்து நின்று, தான் வரைந்த மாட்டுவண்டிப் படத்தைக் காட்டினான்.

உங்கள் தம்பியின் பெயரை, தங்கையின் பெயரை, நீங்கள் இன்று எதற்கெல்லாம் சொன்னீர்கள்? என் பேத்திக்குச் செய்தது போல ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். திட்டவும் வேலை ஏவவும் மட்டும்தான் என்றால், நாளைக்கு ஒரே ஒரு தடவையாவது, ஒரு முறுக்கைப் பாதியாக உடைத்துக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெயரைக் கூப்பிடுங்கள். அவர்கள் அட்டைப்பெட்டிக்குள் ஒளிந்துகொள்ள நினைக்கும் நேரத்தில் விட்டும்விடுங்கள்.

பெரியவர்கள் யாராவது இதை உங்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்தால், படிக்கட்டும். தடுக்காதீர்கள்!

அடுத்த வாரம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர் ஆச்சி